சார்ஜென்ட் ஹிதாயாவுக்கு வந்த அவப்பெயர்

அத்தியாயம் பதினொன்று

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பு மூட்டும்போதே சவுமுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் இருந்தது. யார் மேல் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

பஸ் முதலாளி கிடேவு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். அவன் கொடுத்த பொய்ப் புகாரால்தானே மகள் ஹிதாயா, டாங்கா நகரப் போக்குவரத்துப் போலீஸில் சார்ஜென்ட்டாக நிமிர்ந்து நடந்தவள், மூன்று வாரமாக அம்மா வீட்டில் முடங்கிக் கிடக்கிறாள்? வெள்ளைச் சீருடை இஸ்திரி கலையாமல் ஆணியில் தொங்குகிறது. நாளை காலை விசாரணை.

புகாரில் இருந்தது இதுதான். நெடுஞ்சாலைச் சோதனையில் கிடேவுவின் பஸ் நடத்துனர் நீட்டிய பிளாஸ்க்கை ஹிதாயா வாங்கினாளாம். உள்ளே டீ இல்லையாம், பணமாம். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சர்க்கரை பத்தலையே" என்றாளாம். புகாரை ஹிதாயா வீட்டில் வாசித்துக் காட்டிய அன்று சவுமுவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை. அவள் கணவர் ஜபிரி பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார்.

"தார் எஸ் சலாம்ல இருக்கற தம்பிகிட்ட இதைச் சொல்லாதீங்க. உடனே கதையா எழுதிடுவான்" என்று ஹிதாயா கேட்டுக்கொண்டாள். அதனால் கிப்வானாவுக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா மேல் ஒரு லஞ்சப் புகார் என்பது மட்டும்.

அந்தக் கிப்வானா நேற்று வந்து இறங்கியிருந்தான். வந்ததற்குக் காரணம் அக்காவின் விசாரணை இல்லை. இன்று மாலை, மஃரிப் தொழுகை முடிந்த கையோடு, இன்ஸ்பெக்டர் மாலுண்டி டிவியில் வரப்போகிறார். திரைக்கதை எழுதியவன் கிப்வானா.

மாலுண்டி துப்பறியும் கதைகள் என்றால் சவுமுவுக்கு உயிர். நர்ஸ் பயிற்சியில் விடுதியில் இருந்த காலத்தில் புத்தகம் ஒரே ஒரு பிரதிதான் கிடைக்கும். காத்திருக்க யாருக்குப் பொறுமை? முதுகைப் பிளந்து நாலு துண்டாக்கி நாலு பேர் படிப்பார்கள். சவுமுவின் கைக்கு எப்போதும் கடைசித் துண்டுதான் முதலில் வரும். கொலைகாரன் யாரென்று தெரிந்துகொண்டு, பிறகுதான் செத்தது யாரென்று படிப்பாள். அப்படியும் அலுத்ததில்லை.

மாலுண்டியை எல்லோருக்கும் பிடிக்கும். குட்டை, வழுக்கை, ஒரு ஓட்டைச் சைக்கிள், கடலைக் கண்டால் பயம். சவுமுவுக்குப் பிடித்தது அவருக்குக் கீழே வேலை பார்த்த சார்ஜென்ட் ஹிதாயாவை. அதிகம் பேசமாட்டாள். கடத்தல்காரன் எதை நீட்டினாலும் "உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கொடுங்க" என்று திருப்பித் தந்துவிட்டு விலங்கு மாட்டுவாள்.

சவுமுவுக்கு முதலில் பெண் பிறந்தபோது, மாமியார் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றது ஜபிரியின் குடும்பம். சவுமு ஒற்றைக் காலில் நின்றாள். "கதைப் புத்தகத்துல வர்றவ பேரையா பிள்ளைக்கு வெப்பாங்க?" என்று கேட்ட மாமியார் பேர் வைக்கும் விருந்துக்கே வரவில்லை. அடுத்துப் பையன் பிறந்ததும் மாமனார் பெயரை வைத்து ஒருவழியாகச் சமாதானம் ஆனார்கள்.

இப்போது அந்தப் பையனே அந்தக் கதையை எழுதுகிறான் என்றால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்! மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லித் தெருவையே அழைத்து வைத்திருந்தாள். அழைத்தபோது புகார் இல்லை.

"டேய், ஹிதாயா எப்படி வந்திருக்கா?" என்று கேட்டாள் சவுமு.

கிப்வானா எண்ணெயில் பொரித்த மாந்தாசியைப் பிட்டுத் தேங்காய்ப்பாலில் வெந்த துவரையில் முக்கி வாயில் திணித்துக்கொண்டான்.

"எந்த ஹிதாயா?"

"உங்கக்காவையா கேப்பேன்? அவ பின்னால துணி துவைக்கிறா. கதையில வர்றவளைக் கேக்கறேன்."

"நல்ல நடிகைம்மா. பெரிய ஆளு."

"நடிகையை விடு. நீ எப்படி எழுதியிருக்க?"

அவன் தண்ணீர் குடித்தான். மறுபடியும் குடித்தான்.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டா? முதல் வாரம் பாக்க வேணாம். நாலஞ்சு வாரம் போகட்டும், சேத்து வெச்சுப் பாரு. அப்பத்தான் கதை புரியும்."

"கடைசித் துண்டை முதல்ல படிச்சே கதை புரிஞ்சவடா நான். எனக்கா புரியாது?"

வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்த ஜபிரி தலையைத் தூக்கினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் பேசுவதைவிடக் காப்பிக்கடையில் உட்கார்ந்து கதை கேட்பதும் கதை சொல்வதும்தான் அவருக்குப் பிடித்த வேலை.

"டிவி வேற சரியில்ல. நேத்தே படம் விட்டு விட்டு வந்துச்சு. யாரையும் வர வேணாம்னு சொல்லிடலாம், ஹிதாயாம்மா."

சவுமு போய் டிவியைப் போட்டாள். செய்தி வாசிப்பவரின் மூக்கு வியர்வைகூடத் தெரிந்தது.

"கண்ணாடி மாதிரி இருக்கு. கோளாறு உங்க கண்ணுலதான்."

இருந்தாலும் அவளுக்கே மனம் கேட்கவில்லை. பின்புறம் போனாள். ஹிதாயா துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். முறுக்கின முறுக்கில் கிழிந்துவிடும் போலிருந்தது.

"ஏம்மா, நாளைக்கு விசாரணைய வெச்சுக்கிட்டு இன்னிக்கு வீட்டுல கூட்டம் வேணுமா? வேணாம்னு சொல்லிடட்டா?"

"வரட்டும்மா. நான் கதவைச் சாத்திக்கிட்டா காசு வாங்கினவதான்னு ஆயிடும். எல்லாருக்கும் முன்னால முதல் பாயில உக்காருவேன்."

மத்தியானமே வந்துவிட்டாள் பக்கத்து வீட்டு ரிசிக்கியின் அம்மா. கையில் ஒரு தட்டுக் கடலை மிட்டாய். வாயில் அதைவிட இனிப்பான பேச்சு.

"ஹிதாயாம்மா, இன்னிக்கு உங்க வீட்டுல ரெண்டு ஹிதாயாவைப் பாக்கலாம் போல! ஒண்ணு டிவியில, ஒண்ணு பாயில."

"ரெண்டும் நல்லதுதான். கண்ணு நிறையப் பாத்துட்டுப் போ."

"நாளைக்குத்தானே விசாரணை? கிடேவு ஆளுங்க நடத்துனருக்குப் புதுச் சட்டையெல்லாம் வாங்கிக் கொடுத்துக் கூட்டிட்டு வர்றாங்களாம். ஊர்ல பேசிக்கிறாங்க. எனக்கென்ன வந்துச்சு?"

"போன ரமலான்ல உன் கொழுந்தன் ஹெல்மெட் இல்லாம மாட்டினப்ப, என் பொண்ணு விடலைன்னு நீ என்கூட ஒரு வாரம் பேசல. அப்ப அவ காசு வாங்குறவளா இருந்திருந்தா உனக்கு எவ்வளவு வசதியா இருந்திருக்கும்!"

ரிசிக்கியின் அம்மா தட்டை வைத்துவிட்டு, "சாயங்காலம் வர்றேன்" என்று போனாள். வராமல் இருப்பாளா?

பொழுது சாய்ந்ததும் முற்றம் நிறைந்தது. ஜபிரி டிவியைத் தூக்கி வந்து மேசை மேல் வைத்தார். வயர் எட்டவில்லை, பிளக் சேரவில்லை என்று அவர் இழுத்த இழுப்பில் சவுமுவே போய் மாட்டினாள். இஞ்சி டீ சுற்றி வந்தது. ஹிதாயா சொன்னபடியே முதல் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கிப்வானா சுவரோரம் நின்றான்.

தொடரின் பாட்டு முடிந்தது. மாலுண்டி வந்தார்.

வந்தார் என்றா சொன்னேன்? இறங்கினார். கருப்புக் கண்ணாடி, புஜத்தில் வெடிக்கிற சட்டை, யானை மாதிரி ஒரு கார். கடற்கரை ஓட்டல் ஒன்றில் தண்ணீருக்குள் பாய்ந்து திருடனைப் பிடித்து இழுத்து வந்தார்.

"தண்ணீன்னா பயம்டா அவருக்கு!" என்றாள் சவுமு வாய்விட்டு. "ரெண்டாவது புத்தகத்துல தோணியில ஏற மாட்டேன்னு குற்றவாளியைக் கரைக்குக் கூப்பிட்டுப் பிடிச்சாரே! சைக்கிள் எங்க? அந்த வழுக்கை எங்க?"

"ஹிதாயாம்மா, மறைக்காதீங்க, உக்காருங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முற்றமே மாலுண்டிக்குக் கைதட்டியது. அதுதான் சவுமுவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் சைக்கிளில் போய்க் குற்றவாளியைப் பிடித்த மனுஷனை இந்த ஊர்க்காரர்களே மறந்துவிட்டுக் கைதட்டுகிறார்களே!

"இது நம்ம டாங்காவே இல்லையே. எந்த ஊர்டா இது?"

"பாங்கானி கடற்கரைம்மா. அங்கதான் எடுத்தாங்க" என்றான் கிப்வானா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

பிறகு சார்ஜென்ட் ஹிதாயா வந்தாள். உதட்டில் ரத்தச் சிவப்புச் சாயம். மூச்சு விட்டால் தெறிக்கும் சீருடை. நெடுஞ்சாலையில் ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தினாள். ஓட்டுநர் இறங்கி வந்தான். அவன் கையில் ஒரு பிளாஸ்க்.

சவுமு கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"மேடம் குடிக்க டீ கொண்டு வந்தேன்" என்றான் ஓட்டுநர்.

திரையில் ஹிதாயா மூடியைத் திருகினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டுக்கட்டாகப் பணம். உதட்டைச் சுழித்தாள்.

"சர்க்கரை பத்தலையே."

டீ உறிஞ்சுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. அந்தப் புகார் ஊருக்கே தெரியும். நடத்துனர் அதைச் சொல்லாத டீக்கடை இல்லை. ஒவ்வொரு தலையாக முதல் பாயின் பக்கம் திரும்பியது. எங்கிருந்தோ ஒரு சிரிப்பு, அடக்கி வெடித்த சிரிப்பு, கிளம்பியது. உடனே இன்னொன்று.

ஹிதாயா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சவுமு எழுந்தாள். மேசைக்குப் போனாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஐயோ, நிறுத்திட்டீங்களே! கொலைகாரன் யாருன்னு தெரியவே இல்லையே" என்றாள் ரிசிக்கியின் அம்மா.

"கொலைகாரன் இங்கதான் நிக்கிறான். நான் பெத்தவன். டீ குடிச்சாச்சுல்ல? எல்லாரும் கிளம்புங்க."

"ஹிதாயாம்மா, நாங்க என்ன பண்ணினோம்..."

"சிரிச்சீங்க. என் முற்றத்துல உக்காந்து, என் டீயைக் குடிச்சிட்டு, என் பொண்ணைப் பாத்துச் சிரிச்சீங்க. போங்க."

போனார்கள். தெருவில் இறங்கியதும் அவர்கள் பேச்சு பெரிதாகக் கேட்டது.

சவுமு மகனைத் தோளைப் பிடித்து வீட்டுக்குள் தள்ளினாள். ஹிதாயா பின்னால் வந்தாள். ஜபிரி பாய்களைச் சுருட்டுகிறேன் என்று முற்றத்திலேயே தங்கிவிட்டார்.

"அவளை என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"அம்மா, கேளு..."

"என்னத்தைக் கேக்கறது? புத்தகத்துல எங்கேடா அவ காசு வாங்கினா? ஒம்போது புத்தகம்! ஒரு வரி காட்டு. ஒரே ஒரு வரி!"

"எழுதினவர் போய்ச் சேந்துட்டார்மா. அவரு பசங்க உரிமையை வித்துட்டாங்க. தயாரிப்பாளர் எழுதச் சொன்னதை எழுதினேன். நல்ல போலீஸ்காரின்னு காட்டினா எவன் நம்புவான்னு கேட்டார். ஜனங்க சிரிப்பாங்கன்னார்."

"இப்ப மட்டும் சிரிக்கலையா?"

"அவர் கேட்டப்ப நீ என்ன சொன்ன?" இது ஹிதாயா. குரலே எழும்பவில்லை.

கிப்வானா சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"எங்க வீட்டுல ஒருத்தி இருக்கான்னு சொன்னியா, தம்பி?"

"அக்கா, அது என் வேலை. எனக்குக் கிடைச்ச முதல் பெரிய வேலை. நான் முடியாதுன்னா வாசல்ல பத்துப் பேர் நிக்கிறாங்க."

"வேலையா?" சவுமு தோளில் கிடந்த துணியை உதறினாள். "அந்தப் பேருக்காக உங்கப்பா வம்சத்தையே எதிர்த்தவடா நான்! பெத்த உடம்போட தனியா உக்காந்திருந்தேன். அந்தப் பேரைப் போய்ச் சந்தியில இழுத்துவிட்டியே. அதுவும் உங்கக்கா தலை குனிஞ்சு நிக்கிற நேரம் பாத்து!"

கிப்வானாவின் முகம் மாறியது.

"ஹிதாயா, ஹிதாயா, ஹிதாயா! பிறந்ததுலேர்ந்து இந்த வீட்டுல அந்தப் பேரைத் தவிர வேற என்ன கேட்டிருக்கேன்? அவளுக்கு நீ ஆசைப்பட்டு வெச்ச பேரு. எனக்கு? பாட்டி வாயை அடைக்க வெச்ச பேரு! ஆமா, எழுதும்போது ஒரு சந்தோஷம் இருந்துச்சு. ஒத்துக்கறேன். அந்தப் புண்ணியவதியையும் ஒரு தடவை சறுக்கி விழ வெச்சுப் பாக்கலாம்னு இருந்துச்சு. ஆனா அது கதையில வர்றவம்மா! அக்கா இல்ல!"

சவுமுவுக்குச் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளும் நிலையில் அவள் இல்லை.

"அக்கா இல்லையா? அப்ப அந்தப் பிளாஸ்க் எங்கேர்ந்து வந்துச்சு? உங்கக்கா மேல அந்தக் கிடேவு எழுதின பொய்ய அப்படியே வரிக்கு வரி எடுத்துப் போட்டிருக்கியே, பாவி! யார்றா சொன்னது உனக்கு?"

"என்ன வரி?" என்றான் கிப்வானா.

"நடிக்காத."

"வல்லாஹி, சத்தியமா எனக்குத் தெரியாது! அக்கா புகார்ல என்ன இருக்குன்னு யாராவது எனக்குச் சொன்னீங்களா? லஞ்சம்னு மட்டும்தானே சொன்னீங்க? கேட்டதுக்குப் போனை வெச்சுட்டீங்க!"

சவுமு அடுத்த வார்த்தைக்கு வாயெடுத்தாள். ஹிதாயா கையைத் தூக்கி நிறுத்தினாள். நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்துகிற அதே கை.

"அம்மா, கொஞ்சம் இரு. தம்பி, இங்க உக்காரு. அந்தக் காட்சி எப்ப எடுத்தாங்க?"

"பாங்கானியில. பெருமழைக் காலத்துக்கு முன்னாடி. மழை வந்தா கடற்கரையில எடுக்க முடியாதுன்னு அவசர அவசரமா முடிச்சாங்க."

"மழைக்கு முன்னாடியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"மொத்தப் பேரும் சாட்சி, அக்கா. நடிகை, கேமராக்காரர், சமையல்காரர்கூட. ஏன்?"

"என் மேல புகார் வந்தது மழையெல்லாம் விட்ட பிறகு. நான் பிளாஸ்க் வாங்கினதா அவங்க சொல்ற நாளே போன மாசம்தான்." அவள் ஒவ்வொரு வார்த்தையாக வைத்தாள். "நான் 'சர்க்கரை பத்தலையே'ன்னு சொன்னேனாம். புகார்ல அப்படியே இருக்கு. அந்த வார்த்தை புத்தகத்துல இருக்கா?"

"இல்ல" என்றார்கள் சவுமுவும் கிப்வானாவும் ஒரே நேரத்தில்.

"நான் எழுதினது. ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சு எழுதினது. அந்த வரிக்காகத்தான் தயாரிப்பாளரே என்னைத் தட்டிக் கொடுத்தார்" என்றான் கிப்வானா. சொல்லி முடிக்கும்போதே அவனுக்கும் விளங்கிவிட்டது. "அப்படின்னா... என் கதையையா உன் மேல..."

இவ்வளவு நேரம் மகன் மேல் கொட்டிய கோபமெல்லாம் திசை தெரியாமல் நின்றது. பொய் சொல்லத் தெரியாத நாய்கள்! சொந்தமாக ஒரு பொய்யைக்கூட யோசிக்கத் துப்பில்லாமல், எங்கோ கேட்ட கதையை என் பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

"நாளைக்கு விசாரணைக்கு நீ வர்ற" என்றாள் மகனிடம்.

"அம்மா..."

"வந்து நின்னு, இது நான் எழுதினது, இன்ன காலத்துல எடுத்ததுன்னு சொல்ற."

"அம்மா, தொடர் பத்தி வெளியில எதுவும் பேசக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. பேசினா அடுத்த வாரமே என்னைத் தூக்கிடுவாங்க. அதுக்கப்புறம் எவனும் கூப்பிட மாட்டான்."

"கட்டாயப்படுத்தாதம்மா. அவன் பிழைப்பு" என்றாள் ஹிதாயா. எழுந்து போய் ஆணியில் தொங்கிய சீருடையின் தோளில் இல்லாத தூசியைத் தட்டினாள். "நான் உண்மையைச் சொல்லுவேன். நம்பினா நம்பட்டும்."

கிப்வானா அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல போலீஸ்காரியை எவன் நம்புவான் என்று கேட்டவருக்கு அன்று சொல்லாத பதில் இப்போது கிடைத்திருக்க வேண்டும்.

"வர்றேன்க்கா" என்றான். "என்ன ஆனாலும் ஆகட்டும். காலையில உன்கூடவே வர்றேன்."

ஹிதாயா திரும்பவில்லை. தோள்கள் மட்டும் ஒரு தரம் குலுங்கி அடங்கின. சவுமு மகனின் தலையில் கை வைத்தாள். அடிக்கப் போகிறாள் என்று அவன் குனிந்தான். அவள் அடிக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹிதாயா திரும்பியபோது பழையபடி போலீஸ்காரியாகியிருந்தாள்.

"ஒண்ணு பாக்கி இருக்கு, தம்பி. தொடர் இன்னிக்குத்தான் வந்திருக்கு. கிடேவுக்கு அந்த வரி முன்னாடியே எப்படித் தெரியும்? படம் எடுத்தவங்கள்ல டாங்காக்காரங்க யாராவது உண்டா?"

"ஒருத்தருமில்ல. எல்லாரும் தார் எஸ் சலாம் ஆளுங்க."

"நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"சேச்சே. நண்பர்கள்கிட்டகூட மூச்சு விடல. சொன்னது..." அவன் நிறுத்தினான். வாசல் பக்கம் பார்த்தான். "அப்பாகிட்ட மட்டும்தான். எழுதி முடிச்ச அன்னிக்குப் போன்ல முழுக் காட்சியையும் நடிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சார். வெளிய சொல்லிடாதீங்கப்பான்னு சொன்னேன்."

மூவரும் முற்றத்தைப் பார்த்தார்கள்.

ஜபிரி எல்லாப் பாய்களையும் சுருட்டி முடித்திருந்தார். சுருட்டியதில் ஒன்றை விரித்து மறுபடியும் சுருட்டிக்கொண்டிருந்தார்.

சவுமு வெளியே வந்தாள்.

"ஹிதாயாப்பா, அந்தப் பிளாஸ்க் கதையை யார்கிட்ட சொன்னீங்க?"

அவர் நிமிரவில்லை.

"டிவி கதைன்னு சொல்லல. பையன் சொல்ல வேணாம்னானே... எங்கேயோ ஒரு போலீஸ்காரி இப்படிப் பண்ணினாளாம்னு, நடந்த கதை மாதிரி, சிரிக்கறதுக்குச் சொன்னேன்."

"எங்க? காப்பிக்கடையிலயா?"

அவர் பாயின் ஓரத்தை நிமிண்டினார்.

சவுமுவின் மனசில் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. புகாரை மகள் வாசித்தபோது பாதியில் எழுந்து போன கால்கள். டிவி சரியில்லை என்ற வாய். எட்டவில்லை என்று இழுத்த வயர். சுட்ட சட்டியில் கை பட்டதுபோல் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அவ அந்த வரியைப் படிச்ச அன்னிக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு! எங்கேர்ந்து வந்த பொய்யின்னு தெரிஞ்சிருக்கு! மூணு வாரமா பெத்த பொண்ணு சோறு இறங்காம கிடக்கறதைப் பாத்துக்கிட்டு, வாயைத் திறக்காம உக்காந்திருந்தீங்களா? நீங்க ஒரு அப்பாவா? சொல்லுங்க! எங்க வெச்சு, யார்கிட்ட சொன்னீங்க?"

"கிடேவுகிட்ட" என்றார் ஜபிரி. "அவன் வீட்டுல."

"கிடேவு வீட்டுலயா?" அவள் குரல் தெரு முனை வரை போயிருக்கும். "அந்த வீட்டுல உங்களுக்கு என்ன வேலை?"

உள்ளே கதவோரம் ஹிதாயாவும் கிப்வானாவும் அசையாமல் நின்றார்கள். ஜபிரி பாயைக் கீழே வைத்தார். அன்று முதல் முறையாக மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"சத்தம் போடாத, சவுமு. பிள்ளைங்க உள்ளேயே இருக்கட்டும். நீ மட்டும் இப்படி வந்து உக்காரு. அந்த வீட்டுக்கு நான் ஏன் போறேன்னு ரொம்ப நாளைக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்."

சவுமு என்று அவர் கல்யாணமான புதிதில் கூப்பிட்டது. ஹிதாயா பிறந்ததிலிருந்து இந்த மனிதர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

கோபம் அப்படியே உறைந்துபோய், சவுமு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.